சாலையோரக் கல்லறையின் சந்தேகம்

ரோமாபுரிக்குப் போகும் சாலையோரம் ஒரு பணக்காரரின் கல்லறை இருந்தது. ‘வழிப்போக்கரே, நின்று என் பெயரைப் படியுங்கள்’ என்று அதன் நெற்றியில் பொறித்திருந்தார்கள். இப்போதெல்லாம் யாரும் நிற்பதில்லை. ஆனால் சிலர் மட்டும் விளக்கோடு வந்து, பக்கத்துச் சுரங்கத்தில் இறங்கினார்கள்.

கல்லறைக்குச் சந்தேகம் வந்தது. “என் பேரைக் கெடுக்கத்தான் அடியில தோண்டுறாங்க. பார்த்துட்டு வா” என்று தன் விரிசலில் குடியிருந்த பல்லியை அனுப்பியது.

பல்லி திரும்பி வந்தது. “கிறிஸ்தவங்க ஐயா. செத்தவங்களைப் புதைக்கிறாங்க. சுவர்ல அவங்க சின்னமா ஒரு மீனைக் கீறி வைக்கிறாங்க, அவ்வளவுதான்.”

“பேரே எழுதலையா? இதுல ஏதோ சூது இருக்கு.”

“பேரைச் சொல்லித்தான் அழுறாங்க.”

கல்லறை குரலைத் தாழ்த்தியது. “என்னைப் பத்தி?”

“புதுசா வர்றவங்களுக்கு உங்களைத்தான் அடையாளம் சொல்றாங்க. ‘எழுத்தெல்லாம் தேஞ்சுபோன கல் ஒண்ணு வரும், அங்கே இறங்குங்க’ன்னு.”