நாலாவது தட்டு

ஐந்து ஆம்ப்ளிஃபயர்களை வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கிதார் சொல்லிக்கொடுப்பவன் நான். வால்வு என்கிற கண்ணாடிக் குழல் போட்டதில்தான் அந்தக் கதகதப்பான ஒலி வரும். வாங்குமுன் வால்வுகளைப் பென்சிலால் தட்டிப் பார்ப்பேன். பழுதானது என்றால் தட்டும் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும்.

மூன்று முறை தட்டினேன். ஸ்பீக்கரில் நான்கு கேட்டது.

"இந்த வால்வு சரியில்ல சார். மாத்தித் தர்றேன்," என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். இது எத்தனை நாள் வரும்?"

"எரிய எரியத் தேயும் சார். பாத்துப் போடுங்க."

தூங்கும் நேரத்தில் நான் சுவரில் மூன்று தட்டுவேன். அடுத்த அறையிலிருந்து மகள் ஒன்று தட்டுவாள். உடனே விளக்கை அணைப்பேன். அவள் இறந்து பதினான்கு மாதமாகிறது.

ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், நாளுக்கு ஒரு நிமிடம்தான் அதைப் போடுவது என்று மனைவியும் நானும் பேசிவைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் மதியம் வகுப்பு முடிந்து வந்தேன். அவள் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்கச் சூடு. பென்சில் முனை மழுங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நீங்க கிளம்பினதுலேர்ந்து. நிறுத்த மனசு வரலைங்க. இப்ப ரொம்ப மெதுவாத்தான் தட்டுறா."

பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன்.

ஸ்பீக்கரில் மூன்று தட்டு கேட்டது.

இருவரும் அசையவில்லை. நாங்கள் ஒன்று தட்டினால் மகள் விளக்கை அணைத்துவிடுவாள்.