கம்ப்யூட்டர் கேட்ட கயிறு

"வைரஸ் காய்ச்சல் மூளையைத் தாக்குமான்னு என் கம்ப்யூட்டர் முன்னாடியே சொல்லிடும்!" என்று வேங்கிக்கால் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார் குழந்தைகள் டாக்டர் புகழேந்தி. பழைய கேஸ்களை ஊட்டி அவரே பழக்கியது. மந்திரித்த கயிறு கட்டும் அம்மாக்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கிண்டலுக்காக, குழந்தைக்குக் கயிறு கட்டியிருந்ததா என்பதையும் அந்தக் கேஸ்களோடு ஒரு கேள்வியாகச் சேர்த்திருந்தார்.

அவர் மகளுக்கே காய்ச்சல் வந்தது. கம்ப்யூட்டரில் அறிகுறிகளோடு 'கயிறு இல்லை' என்றும் தட்டினார்.

'ஆபத்தில்லை' என்றது கம்ப்யூட்டர்.

மனைவி மதிவதனி தயங்கினாள். "திட்டாதீங்க. இவ பார்க்குற பார்வையே சரியில்லனு பயந்து, காலையிலயே கயிறு மந்திரிச்சு இடுப்புல கட்டிட்டேன்."

முறைத்துக்கொண்டே மாற்றித் தட்டினார்.

'உடனே அட்மிட் செய்க.'

பெரிய ஆஸ்பத்திரியில் மகள் பிழைத்தாள். "இவ்ளோ சீக்கிரம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று வியந்தார் அங்கிருந்த டாக்டர்.

"எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்றார் புகழேந்தி, மகளின் கவுனை இழுத்துக் கயிற்றை மூடியபடி.