கோவிச்சுக்கிட்டுப் போறவர்

"ரசத்துல உப்பு இல்லைன்னு சொல்ல மட்டும் வாய் தொறக்குது! நாள் முழுக்க அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கிறீங்களா? அதோடயே உங்களக் கட்டிப் போட்டிருக்கணும்!"

மருதேவியின் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

நேமிநாதன் எழுந்தார். கையைக் கழுவினார். சட்டையை மாட்டினார். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, கேட்டை டமார் என்று சாத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

மகள் அனந்தி சோற்றில் கை வைத்தபடியே திகைத்துப்போனாள். ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து தினமும் இதே கூத்துதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற ஜைன வீடு. தட்டின் ஈரம் காய்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் உப்பு. ஒருநாள் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சரியாக 'வாங்க' என்று கூப்பிடாதது. ஒருநாள் காரணமே இருக்காது.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷரிடம் இப்படியா?

அன்றைக்கு அனந்தியால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, உனக்கு மனசாட்சியே இல்லியா? நைனாவ நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். கடைசி காலத்துல நிம்மதியாவாவது இருக்கட்டும்."

மருதேவி புடவையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"கூட்டிட்டுப் போ. ஆனா சாயங்காலமானா அவர்கிட்ட சண்டை போட உனக்குத் தெரியுமா?"

"இன்னாம்மா பேசுற?"

"டாக்டரு நடக்கச் சொல்லித்தானே அனுப்புனாரு? ஆஸ்பத்திரி சுவத்துல 'நடந்தால் நலம்'னு எவ்ளோ பெருசா எழுதியிருந்துது! அதை நின்னு படிச்சுட்டு ஆட்டோவக் கூப்பிட்டாரு உங்க நைனா."

அனந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நடக்கச் சொல்லி நீ காலையில அனுப்புற மெசேஜையெல்லாம் நாற்காலியில சாஞ்சுக்கிட்டே எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. உனக்கு ஒரு கும்பிடு அனுப்பிட்டு அப்படியே தூங்கிடுவாரு. போங்கன்னு சொன்னா, திண்டிவனம் ரோட்டுல லாரி இடிக்கும்பாரு. கோட்டைப் பக்கம் போனா கொரங்கு புடுங்கும்பாரு. நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன், அழுதும் பார்த்துட்டேன். ஒருநாள் வாய் தவறித் திட்டிட்டேன். எழுந்து போனவரு சிங்கவரம் ரோட்டுல ரொம்ப தூரம் நடந்துட்டுத்தான் திரும்பி வந்தாரு. கோவம் வந்துட்டா அவருக்கு லாரியும் தெரியாது, கொரங்கும் தெரியாது."

"அதுக்காக தினமுமா?"

"தினமும் நடக்கணும்னுதானே டாக்டரு சொன்னாரு?"

எதிர்வீட்டுத் தைலம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மருதேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெருவே என்னை ராட்சசின்னுதான் சொல்லுது. சொல்லிட்டுப் போவட்டும். மனுஷன் நல்லா இருந்தா சரி."

சொல்லிக்கொண்டே நேமிநாதனின் மாத்திரையையும் போனையும் ஒரு பர்ஸில் திணித்தாள். செருப்பை மாட்டினாள்.

"இப்ப நீ எங்க கிளம்புற?"

"பின்னாடியே போவேன். வழியில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா யாரு பார்க்கிறது? நான் வர்றது அவருக்குத் தெரியாது. நீயும் வாயத் தொறக்காத."

மருதேவி அவசர அவசரமாகத் தெருவில் இறங்கிப் போனாள்.

அனந்திக்கு மனசு கேட்கவில்லை. இப்படிப்பட்டவளைப் பற்றி நைனா இன்னா நினைத்துக்கொண்டிருப்பார்? தினம் தினம் பேச்சு வாங்கிக்கொண்டு, கசந்துபோய்த்தானே நடப்பார்? வாயைத் திறக்காதே என்று அம்மா சொன்னால் சொல்லட்டும்.

மறுநாள் கத்தரிக்காய் சரியாக வேகவில்லை என்று சண்டை. கேட் டமார் என்றது. அனந்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகச் சுற்றிப்போய், சிங்கவரம் ரோட்டில் காத்திருந்தாள்.

நேமிநாதன் கையை வீசிக்கொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வேர்க்கடலைக் கொல்லைப் பக்கமிருந்து காற்று நன்றாக அடித்தது.

"நீ இன்னா இங்க நிக்கிற?"

"நைனா, அம்மா மேல கோவப்படாதீங்க. அவ வேணும்னு திட்டல. நீங்க நடக்கணும்னுதான்..." அனந்தி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

நேமிநாதன் நடையை நிறுத்தவே இல்லை.

"வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கூட வா," என்றார். "இத்தினி வருஷம் அவகூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன். எது நெசக் கோவம், எது பொய்க் கோவம்னு எனக்குத் தெரியாதா?"

அனந்தி நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சுமா கேட்டை அப்படி அடிச்சுச் சாத்துறீங்க? ஒரு தடவை சிரிச்சுட்டு, 'வா மருதேவி, சேர்ந்தே நடப்போம்'னு சொல்லக்கூடாதா?"

நேமிநாதன் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். தூரத்தில் மருதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்துகொண்டிருந்தாள். அவர் தலை லேசாகத் திரும்பியதும் சட்டென்று ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

நேமிநாதன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"சிரிக்காத, அனந்தி. என்னைச் சமாதானம் பண்ற மாதிரியே கையை ஆட்டிப் பேசிக்கிட்டு வா. உங்கம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிட்டே போவுது, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. நடன்னா, வீட்டுவேலையே போதும்கிறா. நான் கோவிச்சுக்கிட்டுப் போனாத்தான் பின்னாடியே நடந்து வர்றா!"