துண்டுக்கு அடியில்

அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார். ராணுவத்துக்கு ஆள் எடுத்த மைதானத்துக்கும் அதே துண்டோடு வந்திருந்தார். “வெளிய வந்ததும் கட்டைவிரலப் பிடிச்சா பாஸு, சுண்டுவிரல்னா இல்ல. ஊர்க்காரனுங்க நிக்கிறானுங்க, வாயத் திறக்காத” என்றார். ஓட்டத்தில் நான்தான் முதல். வினை வேறு இடத்தில் இருந்தது. மாட்டுக்குக் கெட்ட சுழி இருந்தால் முடியைச் சீவி மறைத்துத்தான் அப்பா சந்தைக்கு ஓட்டுவார். மூன்று வருடம் முன்பு மனச்சோர்வுக்கு நான் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதையும் அப்படித்தான் சீவி வைத்திருந்தார். உள்ளே மருத்துவர் பல்லைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார். சந்தையேதான். “மனசுக்கு எப்பவாவது வைத்தியம் பாத்திருக்கியாப்பா?” இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாத்திரையின் பெயர் வந்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டு, “மனநல டாக்டர் பாத்துச் சொல்லட்டும், பதினஞ்சு நாள் கழிச்சு வா” என்றார். வெளியே அப்பா துண்டை விரித்தார். இந்தப் பதிலுக்கு எங்களிடம் விரல் இல்லை. நடுவில் இருந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தேன். “இது என்னடா வெல?” “கேட்டாங்க, சொல்லிட்டேன்பா. இன்னும் முடிவாகல.” கையை உதறுவார் என்று நினைத்தேன். நீளமாக மூச்சு விட்டார். “எடுக்கலேன்னாலும் போவுது. ஒளிக்கிற வேல மிச்சம்” என்று துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.