துணிக்குப் பின்னால்

தேடித் தேடிக் கண் பூத்துப் போயிற்று அவருக்கு.

கம்ப்யூட்டரில் நிலா இருந்தது. பிறை, அரை, முழுசு. வியாழன் இருந்தது, பக்கத்தில் பொட்டுப் பொட்டாக அதன் நிலாக்கள் இருந்தன. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் புகைமேகம் மட்டும் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்தது.

பாக்கியத்தாய் இல்லை.

நாளை மறுநாள் அவளுக்குப் பதினாறாம் நாள். மாலை போட ஒரு படம் வேண்டும். பெரிசாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்ட வேண்டும். ஸ்டுடியோக்காரர் காலையிலிருந்து போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.

இத்தனை வருசம் கூட இருந்து சோறாக்கிப் போட்டவளுக்கு உருப்படியாக ஒரு படம் இல்லை. அட, என்ன மனுஷன் இவர்!

கல்யாண ஆல்பத்தில் குனிந்த தலை இருந்தது. ஆதார் அட்டையில் யாரோ ஒரு பொம்பளை இருந்தாள். மகள் மாரிச்செல்வியின் போனில் பேரன் படம் கொட்டிக் கிடந்தது. எல்லாவற்றிலும் பாக்கியம் இருந்தாள், பிள்ளையைப் பிடித்திருக்கும் கையாக. மடியாக. முந்தானையாக.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு டெலஸ்கோப் வாங்கினார். அதில் மாட்ட ஒரு காமிரா. வாத்தியார் யாரும் கிடையாது, யூடியூப் பார்த்துத்தான் படிப்பு. ஆரம்பத்தில் நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்து விழும். குழாயைத் தொட்டால் ஆடுகிறது, மூச்சு விட்டால் ஆடுகிறது என்று வீட்டையே இரண்டாக்கினார். முதல் சனிக்கோள் காது முளைத்த உளுந்து போல வந்தது.

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு?"

சிரித்தவள்தான் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டும் வந்தாள்.

பொங்கலுக்குப் புதுச்சேலை கட்டி மாடிக்கு வந்தாள்.

"என்னையும் ஒண்ணு எடுங்களேன்."

"ஏட்டி, இது தூரத்துல இருக்கதுக்குள்ளது. கிட்ட இருக்கது இதுல விழாது."

பொய்யில்லை. ஆனால் காமிராவோடு ஒரு சின்ன லென்ஸும் வந்திருந்தது. ஆட்களை எடுக்கிறது அதில்தான். எடுத்து மாட்ட ஒரு நிமிசம் ஆகாது. அது இன்றைக்கும் பிரிக்காத பெட்டிக்குள் கிடக்கிறது.

அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கோபம்கூடப் படத் தெரியாதவள்.

இப்போது ஒரே ஒரு போல்டர்தான் பாக்கி. அதை இத்தனை நாளாகத் திறக்காமல் வைத்திருந்தார்.

திறந்தார்.

வெள்ளை. அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை.

மாரிச்செல்வி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? ஒண்ணுமே இல்லியே."

"உங்கம்மா இருக்கா."

"எங்க?"

"துணிக்குப் பின்னால."

டெலஸ்கோப் கண்ணாடியில் தூசி இருந்தால் படத்தில் கறையாக விழும். அதைக் கழிக்க, கறையை மட்டும் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்கால வெளிச்சத்தில் டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்து, வரிசையாக எடுப்பார்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டால் போதும். இவருக்குச் சுருக்கம் விழக்கூடாது. அதனால் பாக்கியம்.

வாசல் தெளித்த ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மேலே வருவாள். அவருடைய வேட்டியை மடித்து, இரண்டு கையாலும் தூக்கி விறைப்பாகப் பிடிப்பாள். குழாய்க்கு நேர் எதிரே நிற்பாள். துணிக்கும் முகத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காது.

அவளை நோக்கி எத்தனை படம் எடுத்திருப்பார்! ஒன்றில்கூட முகம் விழவில்லை.

"ஒரு பக்கம் மட்டும் லேசா மங்கலா இருக்கேப்பா."

"அது அவ தல. வெளிச்சத்த மறைக்குது."

மாரிச்செல்வி அந்த மங்கலை விரலால் தொட்டாள். தொட்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் அவள் தலையில் கை வைத்தார். வேறென்ன செய்யத் தெரியும் அவருக்கு?

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது அன்னைக்கு எடுத்ததாப்பா?"

தலையாட்டினார்.

அன்றைக்குத்தான். பிடித்துக் கொஞ்ச நேரத்தில், "இடது கை கடுக்குதே," என்றாள் பாக்கியம். "இன்னும் கொஞ்சந்தாம்ட்டி, பிடி," என்றார் இவர். காமிராவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் பிடித்தாள். முடிந்ததும் இறங்கிப் போய் இட்லி ஊற்றினாள். மத்தியானம் அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மாரிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் எங்கிட்ட கேட்டாருப்பா. காலையிலயே கை வலிச்சிருக்கணுமே, வீட்டுல யார்ட்டயும் சொல்லலியான்னு. அவ எதத்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கா, இதச் சொல்லுததுக்குன்னேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஏதும் சொன்னாளாப்பா?"

அவர் விரல் அடுத்த படத்தைத் தட்டியது.

வெள்ளை. ஓரத்து மங்கல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அடுத்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்ததில் இன்னும்.

துணி மட்டும் கடைசிப் படம்வரை இறங்கவே இல்லை.