மைனா கேட்ட பாட்டு

ஒன்பதாவது தடவையும் மைனா பாட்டைத்தான் கேட்டாள். சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி, அதன் முன்பலகையில் இருந்த பட அட்டையின் வலது மேல் மூலையில் விரலை வைத்து அழுத்தினாள். வாய் திறந்து பாடும் சிறுமியின் படம் அங்கே இருந்தது.

"மறுபடியும் பாட்டு வேணுமாம்" என்று டீச்சர் பூரித்துப்போனார். "ம், எல்லாரும் கைதட்டுங்க, ஆரம்பிக்கலாம்."

வகுப்பே பாடியது. பார்வையிட வந்திருந்த அதிகாரியும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாளம் போட்டார்.

பேச்சு வராத ஏழு வயதுப் பெண்ணுக்கு மைனா என்று பேர் வைத்தது ஆயாவின் குசும்பு. தண்ணீர், பாத்ரூம், அம்மா என்று எது வேண்டுமானாலும் அவள் படத்தைத் தொட்டுத்தான் சொல்வாள். இரண்டு வருடம் உழைத்த பழைய அட்டை ஓரமெல்லாம் பிய்ந்து, படங்கள் சந்தைக்கடை மாதிரி கலந்துகிடந்தன.

அதிகாரிக்குப் பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளுக்கும் அதையே அச்சடிப்பார்கள் என்று தெரிந்ததும், டீச்சர் மூன்று நாள் மெனக்கெட்டுப் புது அட்டை செய்தார். சாப்பாடு மஞ்சளில், ஆட்கள் பச்சையில், பாட்டும் விளையாட்டும் மேலே நீலத்தில். அழுமூஞ்சிப் படங்களெல்லாம் அடி வரிசைக்குப் போயின. காலையில்தான் லேமினேஷன் சூடு ஆறாமல் வந்து சேர்ந்தது. பழையது நாற்காலியின் பின்பைக்குள் போனது.

பிள்ளைகளுக்குப் புது ஷூ வேறு. மைனாவுக்கு வந்தது ஒரு சைஸ் சின்னது.

"நடக்கவா போறா? மாட்டி விடுங்க ஆயா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றார் டீச்சர்.

இப்போது அதிகாரி குனிந்து மைனாவைக் கவனித்தார். "அட்டையைப் பார்க்கவே மாட்டேங்குறாளே. கண்ணு கதவு மேல இருக்கு, விரல் மட்டும் கரெக்டா அங்கயே போகுது."

"அவ்வளவு பழக்கம் சார்."

பத்தாவது பாட்டில் மைனாவின் கண்ணில் நீர் வழிந்தது. "பாட்டுன்னா அப்படியே உருகிடுவா" என்று ஆயா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பதினோராவது தடவை விரல் மூலைக்குப் போனதும் அதிகாரி சிரித்துவிட்டார். "விட்டா விடிய விடிய கேட்பா போலிருக்கே."

பாட்டு முடிந்தது. மைனா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

"அட்டை பிரமாதம் டீச்சர். எல்லாப் பள்ளிக்கும் இதையே அடிக்கச் சொல்றேன்" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மகளை அழைத்துப்போக அம்மா வந்தார். டீச்சர் செல்போனை நீட்டி வீடியோவைக் காட்டினார். "உங்க பொண்ணு என் மானத்தைக் காப்பாத்திட்டா. பதினோரு தடவை பாட்டு கேட்டாம்மா, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

அம்மா சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, மைனாவின் கையையும் வயிற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார்.

விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கன்றிப்போயிருந்தன. சாக்ஸை உரித்தபோது பெருவிரல் நகம் அதோடு சேர்ந்து வந்தது.

"ஐயையோ" என்று டீச்சர் பதறினார். "வலிக்குதுன்னு காட்டியிருக்கலாமே. அடி வரிசையில அந்தப் படம் இருக்கேம்மா."

அம்மா பின்பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து, புதிய அட்டையின் மேல் ஓரத்துக்கு ஓரம் பொருத்தி வைத்தார். பழையதன் வலது மேல் மூலையில், விரல் பட்டுப் பட்டு வெளுத்த கட்டத்தில், அழுகிற முகம் ஒன்று இருந்தது. அதன் கீழே டீச்சரின் கையெழுத்தில் 'வலிக்குது' என்று எழுதியிருந்தது.

"பதினோரு தடவை சொல்லியிருக்கா, டீச்சர்."