பக்கத்து வீட்டு ரேடியோ நாடகம்

“மேடம், நீங்க கேட்ட சத்தம் இதுதானான்னு சொல்லுங்க” என்றார் போலீஸ்காரர்.

பக்கத்து வீட்டு நார்பர்ட் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள்ளிருந்து காற்று ஊளையிட்டது. ஒரு கதவு கிறீச்சிட்டது. பிறகு ஓர் ஆண் குரல் கெஞ்சியது.

“வேணாம், அடிக்காதே. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அடிக்காதே...”

வெர்னாவுக்கு முகம் கொதித்தது.

“இதுதான்னு நினைக்கிறேன்” என்றாள்.

“எண்பது வருஷத்துக்கு முந்தின நாடகம்மா இது” என்றார் நார்பர்ட். “ஐஸ் கிடங்குல வெச்சு தம்பியை அண்ணன் அடிக்கிறான். ரேடியோவுல வந்த பழைய திகில் நாடகம்னா எனக்கு உயிர், அலமாரி பூரா அந்த டேப்புங்கதான். காது வேற மந்தமாயிடுச்சா, சத்தமா வெச்சிட்டேன். தப்பு என் மேலதான்.”

அவருடைய மனைவி டார்லீன் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். “கொலை நடக்குதுன்னா போன்ல சொன்னீங்க? எங்க வீட்டுலயா? இவரைக் கொல்றதுக்கு யாரு மெனக்கெடப் போறாங்க, வெர்னா?”

போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த தடவை முதல்ல கதவைத் தட்டிப் பாருங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெர்னா வெளியே வந்தபோது தெருவே பனியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் டார்லீன் இன்னும் சிரிப்பது கேட்டது.

டுலூத் சின்ன ஊர் இல்லை. ஆனால் அந்தத் தெரு சின்னது. ரொட்டிக் கடைக்காரர் கோதுமை ரொட்டியைப் பையில் போட்டபடியே, “இன்னைக்கு எந்த வீட்டுல கொலை, வெர்னா?” என்று கேட்டார். டார்லீன் தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவள். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் ஊர் பூராவும் போய்ச் சேர்ந்திருந்தது. வெர்னா உட்காரும் வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தங்கை போனில் பொரிந்தாள். “அத்தான் போனதுலேருந்து தனியாவே இருந்து இருந்து உனக்கு இல்லாததெல்லாம் கேக்குதுக்கா. பேசாம என்கூட வந்து இரு. மானம் போகுது.”

வெர்னா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு குப்பை போடக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு அதே கெஞ்சல். அடிக்காதே, அடிக்காதே.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. தன்னை அறியாமல் எழுந்து போனை எடுத்தாள். போலீஸ்காரரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ரொட்டிக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். எண்பது வருஷத்து நாடகத்துக்கு இன்னொரு முறை போலீஸா? தன் மேலேயே எரிச்சலாக வந்தது. போனைக் கீழே வைத்தாள். டிவியைச் சத்தமாக வைத்து, யாரோ யாரையோ கேள்வி கேட்கும் நிகழ்ச்சியைப் பார்த்தபடி ஆறிப்போன சூப்பைக் குடித்து முடித்தாள்.

இப்படியே எத்தனை நாள் ஒளிவது? சனிக்கிழமை ப்ளூபெர்ரி கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“என்னை மன்னிச்சிடுங்க. உங்க ரெண்டு பேரையும் தெருவுக்கு இழுத்துட்டேன்.”

“அட, விடுங்க” என்று டார்லீன் கேக்கை வாங்கிக்கொண்டாள். “ஒரு வாரமா எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நார்பர்ட், அந்த நாடகத்தைப் போடுங்க. முழுசாக் கேட்டுட்டுப் போகட்டும். அப்பத்தான் மறுபடி போலீஸ் வராம இருக்கும்.”

“இப்ப எதுக்கு?” என்றார் நார்பர்ட்.

“போடுங்கன்னு சொல்றேன்ல.”

அவர் போட்டார். மூன்று பேரும் காபியும் கேக்குமாக உட்கார்ந்து கேட்டார்கள். காற்று ஊளையிட்டது, கதவு கிறீச்சிட்டது, தம்பி கெஞ்சினான். டார்லீன், நாடகத்தில் வரும் அண்ணனின் வசனத்தைக் கூடவே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெர்னா தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. இந்த வயதில் ஒரு நாடகத்துக்கு ஏமாந்தோமே என்று உடம்பே கூசியது. நார்பர்டும் தலையைக் குனிந்தபடிதான் இருந்தார். தனக்காகத்தான் அவர் சங்கடப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் கிளம்பினாள். டார்லீன் சமையலறையில் பாத்திரம் தேய்க்கப் போனாள். நார்பர்ட் வாசல் வரை வந்தார்.

“ரொம்ப வெட்கமா இருக்கு நார்பர்ட்” என்றாள் வெர்னா. “நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு வார்த்தைகூடத் திட்டலை.”

நார்பர்ட் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினார்.

“வெட்கப்பட வேண்டியவன் நான்தாம்மா. அன்னைக்கு எங்க வீட்டுல நாடகம் எதுவும் ஓடலை. போலீஸ் வந்து கதவைத் தட்டின அப்புறம்தான், ஒரு ஆம்பளை கெஞ்சுற மாதிரி நாடகமாத் தேடி எடுத்து வெச்சேன்” என்றார். “பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறேன்னு எப்படிச் சொல்றது? மறுபடி கேட்டா, தயவுசெஞ்சு போலீஸைக் கூப்பிடுங்க.”